சுற்றுச்சுவர் எழுப்பும் முன்: அலுவலக அனுமதியும் அண்டை வீட்டாரின் ஹக்கும்





2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், நமது மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மழைக்குப் பிறகு நமது டிரஸ்ட் அலுவலகத்தில் வீட்டுச் சுற்றுச்சுவர் பற்றி விசாரிக்க வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். "சாய்ந்த சுவரை எடுத்துக் கட்ட அனுமதி வாங்க வேண்டுமா?" என்று கேட்பவர் ஒருவர். "பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அடி உள்ளே வந்து கல் நட்டுவிட்டார்" என்று வருபவர் ஒருவர். "எதிர்வீட்டில் சுவர் வைத்ததிலிருந்து தெருத் தண்ணீர் எங்கள் திண்ணையில் ஏறுகிறது" என்று சொல்பவர் இன்னொருவர்.

மூன்றும் ஒரே விஷயத்தின் மூன்று பக்கங்கள். எனவே இம்மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டு அனுமதிகள்

சுவர் எழுப்ப விரும்பும் ஒருவருக்கு இரண்டு அனுமதிகள் தேவை. ஒன்று, பேரூராட்சியோ ஊராட்சியோ தரும் அனுமதி. மற்றொன்று, எல்லைக்கு அப்பால் இருப்பவரின் உரிமையில் கை வைக்கவில்லை என்ற தெளிவு. ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கேதான் தகராறு தொடங்குகிறது.

உள்ளாட்சி தரும் அனுமதி, "இந்த வரைபடத்தின்படி கட்டிக்கொள்ளலாம்" என்று மட்டுமே சொல்கிறது. நிலம் யாருடையது, எல்லை எங்கே என்பதை அந்தத் தாள் தீர்மானிப்பதில்லை. அனுமதி பெற்ற சுவரானாலும் பக்கத்து மனையில் அரை அடி ஏறியிருந்தால் நீதிமன்றம் அதை எடுக்கச் சொல்லலாம். அதுபோல, பக்கத்து வீட்டார் மனதார ஒப்புக்கொண்டார் என்பதற்காகத் தெருவின் நிலத்திலோ வாய்க்கால் நிலத்திலோ சுவர் வைக்க முடியாது. அது அவர் கொடுக்கக்கூடிய பொருள் அல்ல.

மார்க்கம் காட்டும் வரம்பு

வீட்டைச் சுற்றி மறைப்பு வேண்டும் என்பது நியாயமான தேவை. பெண்கள் புழங்கும் முற்றமும் கிணற்றடியும் தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று நம் குடும்பங்கள் விரும்புகின்றன. பிறர் வீட்டில் நுழையும் முன் அனுமதி கேட்க வேண்டும் என்று சூரா அந்நூர் கட்டளையிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லா என்ற சட்டத் தொகுப்பு, சமையல் இடம், கிணற்றடி, முற்றம் ஆகிய பெண்கள் புழங்கும் இடங்கள் அடுத்த வீட்டின் சன்னலிலிருந்து தெரிவதையே பெரிய தீங்காகக் கணக்கிட்டு, அதை நீக்கச் சொன்னது. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் காழிகளுக்கு உதவிய கட்டடக்காரர் இப்னு அர்ராமி, சுவர், வாசல், சந்து, வடிகால் தகராறுகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். நம் தெருச் சண்டைகள் புதியவை அல்ல.

ஆனால் இந்தத் தேவைக்கு வரம்பும் உண்டு. ஸயீத் பின் ஸைத் (ரலி) அவர்கள் தன் நிலத்தை எடுத்துக்கொண்டதாக அர்வா என்ற பெண்மணி மதீனாவில் மர்வானிடம் முறையிட்டார். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாகப் போடப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைத் தம் காதால் கேட்ட பிறகு தாம் எப்படி அதைச் செய்வேன் என்று ஸயீத் (ரலி) பதில் கூறினார்கள். நிலத்தையும் அவருக்கே விட்டுவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது. இதில் பேசப்படுவது ஏக்கர் கணக்கு அல்ல, ஒரு சாண் என்பதைக் கவனியுங்கள். நம் தெருக்களில் சுவர்த் தகராறு பெரும்பாலும் அந்த ஒரு சாணைப் பற்றியதுதான்.

பாதை விஷயத்திலும் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. வழியின் அகலத்தில் கருத்து வேறுபாடு வந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்பது நபிமொழி. நம் முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் பத்தரை அடி. இரு பக்கத்து வீட்டாரும் ஆளுக்கு ஒன்றரை அடி, படிக்கட்டுக்கென்றும் சுவருக்கென்றும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது ஏழரை அடி. அதில் 108 வண்டி சிரமப்பட்டு நுழைந்தாலும் கதவைத் திறந்து நோயாளியை ஏற்ற இடமிருக்காது. நான்கு பேர் தோளில் சந்தூக்கைச் சுமந்து திரும்ப வேண்டிய முனையில் சுவர் நின்றால் மையித்துக்கும் மரியாதை இருக்காது. நாளை அந்தச் சந்தூக் நம் வீட்டிலிருந்தும் புறப்படும்.

அண்டை வீட்டார் நமது சுவரில் ஒரு மரக்கட்டையைப் பதிக்க விரும்பினால் தடுக்க வேண்டாம் என்ற நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) இதைக் கடமையாகவே எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலான இமாம்கள் விரும்பத்தக்க நற்செயல் என்றார்கள். எப்படியாயினும், சுவர் என்றாலே பிரிவு என்று நினைக்கும் மனப்போக்குக்கு இந்த ஹதீஸ் மருந்து.

முதல் வேலை: அளவை

கொத்தனாரைக் கூப்பிடும் முன் சர்வேயரைக் கூப்பிடுங்கள். கையில் மூன்று தாள்கள் இருக்க வேண்டும்: பத்திரம், பட்டா, புலப்படம். எஃப்.எம்.பி. என்று அலுவலகத்தில் சொல்வது இந்தப் புலப்படத்தைத்தான். மூன்றிலும் உள்ள நீள அகலம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் 40 அடி என்று இருந்து தரையில் 38 அடிதான் இருந்தால், அந்த 2 அடியைத் தெருவிலிருந்தோ பக்கத்து மனையிலிருந்தோ எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு வந்துவிடாது. குறை எங்கே நேர்ந்தது என்பதை முறையாக அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நில அளவைக்கு இப்போது இணையம் வழியாகவோ இ-சேவை மையம் வழியாகவோ கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் பக்கத்து நிலக்காரர்களும் உடன் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் நட்ட கல்லுக்கு மறுநாளே மறுப்பு வரும். அளந்து முடித்ததும் கற்கள் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து, சர்வேயர் தரும் அறிக்கையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி குற்றம்.

நத்தம் மனையில் குடியிருப்பவர்கள் தங்கள் பெயரில் நத்தம் பட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாத்தா பெயரிலேயே பட்டா நின்றுவிட்டால் முதலில் பெயர் மாற்றம், பிறகு சுவர். உப்பளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உப்பள நிலம் அரசிடம் குத்தகைக்கு எடுத்ததாக இருக்கலாம். குத்தகைக்காரர் வாயால் கொடுத்த இடத்தில் நிரந்தரச் சுவர் எழுப்பினால் அந்தப் பணம் அவ்வளவுதான்.

எந்த அலுவலகம்?

மரக்காணம் பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் செயல் அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பேரூராட்சிகளுக்கு 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பொருந்துகிறது. அதன் விதிகள் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் உள்ளன. கூனிமேடு போன்ற ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அவர்களுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். கட்டட அளவு, காலியிடம் ஆகியவற்றுக்கு இரு பகுதியினருக்கும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொது.

புதிதாக வீடு கட்டுபவர்கள் சுற்றுச்சுவரையும் வீட்டின் வரைபடத்திலேயே காட்டிவிடுவது நல்லது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் குடியிருப்புகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி உடனடி அனுமதி தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலை 22 அன்று தொடங்கியது. தரைத்தளமோ, தரைத்தளத்துடன் ஒரு மாடியோ உள்ள வீடுகளுக்கு இது பொருந்தும். சுயசான்று என்றால் நாமே பொறுப்பேற்கிறோம் என்று பொருள். பொய்யான அளவைக் கொடுத்து வாங்கிய அனுமதி நம்மைக் காப்பாற்றாது. அல்லாஹ்விடம் அது பொய்ச் சாட்சியாகவும் நிற்கும்.

வீடு ஏற்கெனவே இருந்து சுவர் மட்டும் கட்டுபவர்கள் விண்ணப்பத்தோடு பட்டா நகல், பத்திர நகல், புலப்படம், வீட்டு வரி ரசீது, சுவரின் நீளம், உயரம், வாசல் இருக்கும் இடம் ஆகியவற்றைக் காட்டும் எளிய வரைபடம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். தெருமுனை மனையாக இருந்தால் வண்டி திரும்பவும் எதிரே வருபவர் தெரியவும் முனையை வெட்டிக் கட்ட வேண்டியிருக்கும். அந்த அளவையும், அனுமதிக்கப்படும் உயரத்தையும் வரைபடத்திலேயே குறித்து வாங்குங்கள். பழைய சுவரை எடுத்துக் கட்டுவதானாலும், வெறும் முள்கம்பி வேலியானாலும், ஒரு கடிதம் கொடுத்துத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். "கட்டிக்கோங்க பாய், யார் கேட்கப் போறா" என்ற வாய்ச்சொல், கேட்க ஆள் வரும் நாளில் உதவாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மனை உள்ளவர்கள் நெடுஞ்சாலைத் துறையின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சாலை விரிவாக்கத்தில் எடுக்கப்படும் நிலத்தில் பணத்தைப் போட்டுச் சுவர் கட்டுவது வீண் விரயம்.

கடலுக்கும் கழிக்கும் அருகில் இருப்பவர்களுக்கு

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பது மீனவர் குப்பங்களுக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். 1991இல் முதலில் வந்து, 2011இலும் 2019இலும் புதிதாக வெளியான இந்த அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை நிலப்பக்கம் பொருந்தும். அதோடு, கடல்நீர் ஏறி இறங்கும் கழி, கால்வாய்க் கரைகளுக்கும் பொருந்தும். ஆந்திராவிலிருந்து வந்து நமது மரக்காணத்தில் முடியும் பக்கிங்காம் கால்வாயும், கழுவேலி நீர் கடலுக்குப் போகும் கழிமுகமும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. இத்தகைய நீர்நிலைக் கரைகளில் 2011 அறிவிக்கை 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இதில் எது குறைவோ அதை எல்லையாக வைத்தது. 2019 அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆகக் குறைத்தது. உங்கள் சர்வே எண் கடலோர மண்டல வரைபடத்தில் எந்தப் பிரிவில் விழுகிறது என்பதை, மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். பேரூராட்சியின் அனுமதி இதற்கு ஈடாகாது. இது தனி.

இந்த அறிவிக்கையில் வேலிக்கென்றே ஒரு குறிப்பு இருக்கிறது. கடற்கரை விடுதிகளுக்கான வழிகாட்டலில், தனியார் இடத்தைச் சுற்றி உயிர்வேலியும், செடி கொடி படர்ந்த முள்கம்பி வேலியும் வைக்கலாம் என்றும், ஆனால் மக்கள் கடற்கரைக்குப் போகும் வழியை அது எவ்விதத்திலும் மறிக்கக் கூடாது என்றும் 2011 அறிவிக்கை நிபந்தனை போட்டது. பணக்கார விடுதிக்கே அந்த நிபந்தனை என்றால், வலை சுமந்து போகும் வழியிலும் உப்பளத்துக்கு ஆட்கள் நடந்து போகும் வழியிலும் நாம் சுவர் வைப்பது எப்படி நியாயமாகும்? நீண்ட காலம் தடையின்றிப் பயன்படுத்திய வழிக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் பாதுகாப்பு தருகிறது. தனியார் நிலத்தின் மேல் உரிமையாகவும் வெளிப்படையாகவும் 20 ஆண்டுகள் இடைவிடாமல் நடந்த பாதைக்கு உரிமை கோர முடியும்.

நம் ஊருக்கு உயிர்வேலி புதிதல்ல. கிளுவைக் கம்பு நட்டு இடையில் பனைமட்டை கட்டிய வேலியும், கடல் பக்கம் தாழைப் புதரும் நம் பாட்டனார் காலத்து மறைப்புகள்தாம். செலவு குறைவு. காற்றை வாங்கி அடக்கும். தண்ணீரைத் தடுக்காது. உப்புக் காற்றில் துருப்பிடித்து மூன்று நான்கு மழைக்குள் அறுந்துபோகும் மலிவான முள்கம்பியைவிட இது மேல்.

தண்ணீர் போகும் வழி

பெருமழையில் ஒரு தெருவில் தண்ணீர் தேங்குவதற்கு வானம் பாதி காரணம், நாம் பாதி காரணம். முன்பு வேலியாக இருந்த வரிசையில் வீட்டுக்கு வீடு செங்கல் சுவர் எழுந்துவிட்டால், மழைநீர் போக மிஞ்சுவது தெரு மட்டுமே. தெருவின் கடைசியில் இருக்கும் தாழ்வான வீடுதான் அதை வாங்குகிறது. பெரும்பாலும் அது ஊரிலேயே வசதி குறைந்தவரின் வீடு. தானும் தீங்கு அடையக் கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. சுவர் நம் நிலத்தில்தான் இருக்கிறது என்பது இந்த விதியிலிருந்து நம்மை விடுவிக்காது.

எனவே கடைக்கால் போடும் முன் கொத்தனாரிடம் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். தரை மட்டத்தில் இடைவெளி விட்டு நீர்ப்போக்குத் துளைகள் வைக்க வேண்டும். தண்ணீர் இயல்பாக ஓடும் பள்ளத்தில் சுவர் வந்தால் அங்கே குழாய் பதிக்க வேண்டும், அல்லது கம்பிக் கிராதி வைக்க வேண்டும். கடைக்கால் அகலம் முழுவதும் நம் எல்லைக்குள் அடங்க வேண்டும். மேலே சுவர் நம் பக்கம் நின்று, மண்ணுக்கடியில் கால் பக்கத்து மனையில் நீள்வதும் ஆக்கிரமிப்புதான். கலவைக்கு நல்ல தண்ணீரும் ஆற்று மணலோ எம்-சாண்டோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். உவர் நீரிலும் கடற்கரை மணலிலும் கட்டிய சுவர் சில ஆண்டிலேயே உப்புப் பூத்து உதிரும், உள்ளே கம்பி துருப்பிடித்து வெடிக்கும். உப்போடு வாழும் நமக்கு அதன் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடித்துவிடத் திட்டமிடுங்கள். ஈர மண்ணில் அவசரமாக எழுப்பிய சுவர், அடுத்த புயலில் குழந்தைகள் மேல் சாயும்.

சகோதரிகளின் பங்கைச் சுவருக்குள் அடைக்காதீர்கள்

இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம். தந்தை வஃபாத்தான பிறகு மகன்கள் பூர்வீக மனையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். கல்யாணமாகிப் போன சகோதரிகளுக்கும், தாய்க்கும் சூரா அந்நிஸா விதித்த பங்கு அந்தச் சுவர்களுக்குள் மறைந்துபோகிறது. "அதான் சீர் செஞ்சாச்சே" என்பது பதில் அல்ல. சீர் வேறு, பங்கு வேறு. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, தனிப் பட்டா பெற்ற பிறகு சுவர் எழுப்புவதே முறை. சகோதரி மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் அதையும் அவர் கையெழுத்தோடு பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள்.

சூரா அல்கஹ்ஃபில் ஒரு சுவர் வருகிறது. உணவு தர மறுத்த ஊரில் விழவிருந்த ஒரு சுவரைக் களிர் (அலை) அவர்கள் கூலி வாங்காமல் நிமிர்த்தினார்கள். அதன் கீழே இரண்டு அனாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்கள் பெரியவர்களாகும் வரை அது காக்கப்பட வேண்டும் என்பது இறைவனின் நாட்டம். பிறர் சொத்தைக் காக்க நின்ற சுவர் அது. நம் சுவர்கள் அப்படிப்பட்டவையா என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்டுப் பார்க்கட்டும்.

தகராறு வந்தால்

முதலில் பேசுங்கள். பெரியவர்கள் முன்னிலையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எல்லையை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பொதுச்சுவர் என்றால் செலவு யாருக்கு எவ்வளவு, பழுது பார்ப்பது யார், மேலே உயர்த்தலாமா என்பவற்றையும் எழுதுங்கள். அண்டை வீட்டார் எந்த மதத்தவராக இருந்தாலும் இந்த ஹக் ஒன்றுதான்.

பேச்சில் முடியாவிட்டால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறத் தகுதி உடையவர்கள். லோக் அதாலத்தில் சமரசமாக முடியும் வழக்கின் தீர்ப்பு இறுதியானது. அதன் மேல் மேல்முறையீடு இல்லை.

அரசு நிலத்தில் சுவர் இருப்பதாக 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் வந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள், வாங்க மறுக்கவும் வேண்டாம். பதில் சொல்லக் கெடு இருக்கும். அதற்குள் பட்டா, புலப்படத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள். நோட்டீஸ் நியாயமானது என்று அளவையில் தெரிந்தால் நாமே சுவரை உள்ளே தள்ளிக்கொள்வது கண்ணியம். விண்ணப்பம் அசையாமல் கிடந்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் நிலையைக் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். விரைவாக முடிக்கக் கைக்குள் எதையாவது வைப்பது மட்டும் வேண்டாம். லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே நபி (ஸல்) அவர்களின் சாபத்துக்கு உள்ளானவர்கள். ஹராமான வழியில் வாங்கிய தாளை வைத்து வீட்டுக்குப் பாதுகாப்புத் தேட முடியாது.

சுருக்கமாக

1. பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.
2. அண்டை வீட்டார் முன்னிலையில் அளந்து கல் நடுங்கள்.
3. வாரிசுகள் எல்லோருடைய பங்கும் தீர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள்.
4. கடலோர மண்டலம், நெடுஞ்சாலை, நீர்வழி இவற்றில் மனை விழுகிறதா என்று கேளுங்கள்.
5. பேரூராட்சி அல்லது ஊராட்சியில் விண்ணப்பித்து ஒப்புகை பெறுங்கள்.
6. எழுத்தில் அனுமதி கைக்கு வந்த பிறகே கடைக்கால் தோண்டுங்கள்.
7. தண்ணீருக்கும் சந்தூக்குக்கும் வழி விட்டுக் கட்டுங்கள்.

விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களும், வீட்டில் ஆண்துணை இல்லாத சகோதரிகளும் தாள்களின் நகலோடு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். விண்ணப்பம் எழுதித் தருகிறோம். அளவை நாளில் தேவைப்பட்டால் ஒருவர் உடன் வருவார். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

நம் வீடுகளை நிம்மதியின் இடமாகவும், நம் அண்டை வீட்டார் நம் கையாலும் நாவாலும் நம் சுவராலும் தீங்கு அடையாதவர்களாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.